கடுகு போன வழி

"தோத்ததை விடுங்க. கமிஷன் எவ்வளவு போச்சு? அதை முதல்ல சொல்லுங்க."

விநாயகமூர்த்தி திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தான். பேட்டரியும் இன்வெர்ட்டரும் வாங்க இருவரும் சேர்த்து வைத்திருந்த பத்து லட்சம் கியாட்டில் ஏழு லட்சத்தைச் செல்போன் போக்கர் சீட்டாட்டத்தில் விட்டுவிட்டதாக இப்போதுதான் ஒப்புக்கொண்டிருந்தான். யாங்கோனின் இன்சீன் பகுதியில் பாதி நாள் கரண்ட் இல்லை. பத்தாவது படிக்கும் மகள் மெழுகுவத்தியில் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருக்கிறாள். தட்டு பறக்கும் என்று நினைத்துத்தான் சுவரோரமாக உட்கார்ந்திருந்தான்.

ரேவதி தட்டை எடுக்கவில்லை. பேனாவை எடுத்தாள்.

"என்ன ரேவதி, பூசணிக்காய் போன இடத்தைக் கேக்காம கடுகு போன இடத்தைக் கேக்கறே?"

"எங்க ஃபாக்டரியில துணி வீணானா லைன் லீடர் தலைதான் உருளும். கேட்டுக் கேட்டுப் பழகிடுச்சு. சொல்லுங்க."

லைங் தாயா ஃபாக்டரியில் முப்பது தையல் மெஷின்களை அடக்கி ஆள்கிறவள். மூர்த்தியை அடக்குவதா பெரிய காரியம்? செல்போனைத் தடவிப் பார்த்து மெதுவாகச் சொன்னான்.

"ஒன்றரை லட்சம்."

"ஒன்றரை லட்சமா!" ரேவதி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அடப்பாவி மனுஷா! எப்படிங்க அவ்வளவு போகும்?"

ஏழு லட்சத்துக்குக் கண் கலங்காதவள் ஒன்றரை லட்சத்துக்குக் கலங்கினாள். மூர்த்திக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஒவ்வொரு ஆட்டத்துலயும் நடுவுல சேர்ற காசுல அஞ்சு சதவீதம் அந்த ஆப்புக்காரன் வெட்டிக்குவான். யார் ஜெயிச்சாலும் வெட்டுதான்."

"எப்பவுமேவா?"

"நடுவுல மூணு சீட்டு திறக்கறதுக்கு முன்னாடியே ஒருத்தர் விலகிட்டா வெட்ட மாட்டான். அப்புறம், எவ்வளவு பெரிய ஆட்டமா இருந்தாலும் மூவாயிரத்துக்கு மேல எடுக்க மாட்டான்."

ரேவதி எழுதிக்கொண்டாள். "திருப்பிக் கிடைக்க வழி இருக்கா?"

"நாம காசு கட்டற ஏஜெண்டைக் கேட்டா கமிஷன்ல முப்பது சதவீதம் திருப்பித் தருவாங்களாம். நம்ம ஏஜெண்ட் அடுத்த தெரு பர்கத்துல்லாதானே? நான் கேக்கலை."

"ஏன் கேக்கலை?"

"அவன் என்னை 'அண்ணே, அண்ணே'ன்னு கூப்பிடறான். போயும் போயும் கமிஷனைத் திருப்பிக் குடுடான்னு நின்னா கௌரவம் என்னாகும்?"

"கௌரவத்தை வச்சு விளக்கு எரியாது. இப்பவே போன் போடுங்க."

மூர்த்தி போன் போட்டான். பர்கத்துல்லா மறுபேச்சு பேசாமல் முப்பது சதவீதத்தை அனுப்பி வைத்தான். இத்தனை நாள் கேட்காமல் விட்டதற்காக மூர்த்தி தன் தலையில் தானே குட்டிக்கொண்டான்.

"எல்லாம் அந்தக் கோ மின் பயலால வந்தது! ரெண்டு பேர் மட்டும் ஆடற மேசை. நான் உட்கார்ந்த அஞ்சாவது நிமிஷம் எதிர்ல வந்து உட்கார்ந்துக்கிறான். ஒரு மாசமா இதே கதை. கழுத்தறுக்கிற பய!"

"பாவம், அவரை எதுக்குத் திட்டறீங்க? நல்லா ஆடறாரு, ஜெயிக்கிறாரு."

"நீ யார் பக்கம்?"

"நான் கமிஷனுக்கு எதிர்ப் பக்கம். இனிமே ஒண்ணு செய்யுங்க. சுமாரான கையா இருந்தா மூணு சீட்டு திறக்கறதுக்கு முன்னாடியே விலகிடுங்க. நல்ல கை வந்தா கொஞ்சம் கொஞ்சமா வைக்காதீங்க. இருக்கறதை மொத்தமா வச்சிடுங்க. வெட்டு மூவாயிரத்தோட நின்னுடும்."

மூர்த்திக்குக் கண் நிறைந்துவிட்டது. மொத்தமாக வை என்று சொல்கிற மனைவி இந்த யாங்கோனில் வேறு யாருக்கு வாய்த்திருக்கிறாள்? எழுந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மிச்ச மூணு லட்சத்தை வச்சுப் போன ஏழையும் பிடிச்சுடறேன் ரேவதி. இது சத்தியம்."

"நல்லா ஆடுங்க," என்றாள் அவள் பெருந்தன்மையாக.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் மகள் டியூஷனுக்குப் போனதும் ரேவதி சமையலறைக்குள் போனாள். மூர்த்தி முன்னறையில் செல்போனோடு உட்கார்ந்தான். ஐந்தாவது நிமிஷம் திரையில் கோ மின் வந்தான்.

மூர்த்தி மனைவி சொல்லே மந்திரம் என்று ஆடினான். சுமாரான கைகளையெல்லாம் வீசிவிட்டான். அரை மணி நேரத்தில் கமிஷன் ஒரு காசு போகவில்லை. அப்புறம் இரண்டு ராஜாக்கள் வந்து விழுந்தார்கள். மகளின் மெழுகுவத்தி ஞாபகம் வந்தது. இதைவிட நல்ல கை எப்போது வரப்போகிறது? மூன்று லட்சத்தையும் மொத்தமாக வைத்தான்.

கோ மினும் வைத்தான். அவனிடம் இரண்டு ஏஸ் இருந்தன.

நடுவில் ஐந்து சீட்டும் திறந்து முடிந்தன. ராஜா ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. அதே நேரம் கரண்டும் போனது.

மகளுக்கு என்ன சொல்வது என்று மூர்த்தி யோசித்தான். பிறகு இருட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டே சமையலறை வாசலுக்கு வந்து தலையைக் குனிந்து நின்றான்.

"ரேவதி, மிச்சமும் போச்சு."

"கமிஷன் எவ்வளவு?"

"மூவாயிரம்தான்."

"சமத்து!"

குரலில் இருந்த குஷியைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தான். அடுப்பு பற்றவைக்கவே இல்லை. எண்ணெய் டின்னில் சாய்த்து வைத்திருந்த ரேவதியின் செல்போனில் அதே மேசை தெரிந்தது. எதிர்ப்பக்கம் 'மூர்த்தி' என்ற பெயருக்குக் கீழே பெரிய பூஜ்யம்.

"நாளைக்கே போய் பேட்டரியை வாங்கிட்டு வந்துடலாம்," என்றாள் கோ மின். "உங்க காசெல்லாம் என்கிட்ட பத்திரமா இருக்கு. அந்தக் கமிஷன் மட்டும்தாங்க வீட்டை விட்டு வெளியே போச்சு."