ஆற்றின் குறுக்கே ஒரு கம்பி

வாசலில் நின்றவர் பெயரைச் சொன்னதும் றமீலா கதவைப் பாதி சாத்தினாள். அவளுடைய மகன் அர்ஷாதைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லி, விமானப் பயிற்சியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அதிகாரி ஸியாம்.

“மகன் இல்ல. புறக்கோட்டைல கடை வேலைக்கிப் போறான்.”

“வரும் வரைக்கும் இருக்கிறன். திங்கட்கிழமை விசாரணை. அதுக்கு முந்தி அவனோட கதைக்கணும்.” ஸியாம் சீருடையில் வரவில்லை. முகம் சவரம் கண்டு சில நாளாகியிருந்தது.

என்ன விசாரணை என்று அர்ஷாதின் வாப்பா மஜீட் கேட்கவில்லை. தாழப் பறக்கும் பயிற்சியில் போன விமானம் மின்கம்பியில் மோதி விழுந்ததும், அதை ஓட்டிய, பெயர் இன்னும் வெளியிடப்படாத பயிற்சி மாணவன் இறந்ததும் கொட்டாஞ்சேனை முழுக்கத் தெரிந்த செய்தி.

“அதுக்கும் எங்கட மகனுக்கும் என்ன?”

“ஆத்துக்குக் குறுக்கால புதுக் கம்பி இழுத்திருக்கு, பாதை காட்டுற மெப்புல அது இல்ல, அந்தப் பாதையால தாழப் போகேலாது எண்டு அவன் எனக்கிட்டச் சொன்னான். பயத்துல பொய் சொல்றான் எண்டு நினைச்சன்.”

மஜீட் கதிரையில் உட்கார்ந்தார். வீடு வந்த மகனை அவரும் அதே சொல்லால்தான் ஏசியிருந்தார். அதற்குப் பிறகு அர்ஷாத் வீட்டில் வாய் திறந்து பேசியதில்லை.

றமீலா தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். “மவுத்தான புள்ளேட வீட்டுக்குப் போனீங்களா?”

“அங்க இருந்துதான் வாறன்.”

“பெத்த உம்மா எப்பிடி இருக்கிறா?”

“இன்னும் ஒண்டும் சாப்பிடல்ல.”

மஜீட் நிமிர்ந்தார். “இப்ப வெளங்குது. எங்கட மகன் விசாரணைல ஒண்டும் சொல்லக் கூடாது. அதுக்குத்தானே வந்திருக்கிறீங்க?”

“இல்ல. எல்லாத்தையும் சொல்லணும், என்ட பேரையும் சேர்த்து. அவன் சொன்னாத்தான், இனிமேல் பாதையை முதல்ல தரையால போய்ப் பார்க்காம ஒரு பிள்ளையையும் மேல அனுப்ப மாட்டாங்க.”

“உங்கட வேலை போயிரும்.”

“ஓம்.”

“மறியல்ல உள்ளுக்குக் கிடக்கவும் வரும்.”

“தெரியும்.”

மஜீட் கதிரையை அவர் பக்கம் இழுத்துக்கொண்டார். “வேற ஆள் எண்டா மூடி மறைக்கத்தான் பார்ப்பாங்க. நீங்க என்னத்துக்கு ஸேர் இப்பிடி?”

தேத்தண்ணீர் ஆறிப்போயிருந்தது. ஸியாம் அதைத் தொடவில்லை.

“அர்ஷாதுக்குப் பதிலா நான் அனுப்பினது என்ட மகனை.”