ஷெல் சொன்ன சைபர்

ஒரு வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் ஆல்பம் என்றொரு புரோகிராம் இருந்தது. ஃபைல்களைத் தானே தொடத் தெரியாததால், கட்டளைகளை நிறைவேற்றும் ஷெல்லைத்தான் எல்லாவற்றுக்கும் ஏவும். ஷெல் வேலையை முடித்துவிட்டு வந்து, "சைபர்" என்று பூஜ்யத்தை மட்டும் சொல்லும்.

"எப்பப் பாரு சைபர்தானா? உன் வாயில் நல்ல வார்த்தையே வராதா?" என்று ஆல்பம் சலித்துக்கொள்ளும்.

"குறை இருந்தால்தானே வேறு எண் சொல்ல!" என்னும் ஷெல்.

ஒருநாள் அந்த வீட்டு அமுதவல்லியின் கல்யாணப் படங்களை வேறு டிஸ்க்குக்கு நகலெடுக்கச் சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திராமல், பழையதை அழிக்கச் சொல்ல வாயெடுத்தது ஆல்பம்.

"ஒன்று!" என்று கத்தியது ஷெல். "டிஸ்க் நிரம்பிவிட்டது. பாதிப் படம் போய்ச் சேரவில்லை."

அழிக்கும் கட்டளையை ஆல்பம் அப்படியே விழுங்கிக்கொண்டது. இடம் ஒழித்துக்கொடுத்து மறுபடி நகலெடுக்கச் சொன்னது. இந்தத் தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

"சைபர்" என்றது ஷெல்.

"உனக்குப் புண்ணியமாய்ப் போகும், இன்னொரு தடவை சொல்லேன்!"