பிருங்கிக்கு ஒரு ஓட்டு

பிருங்கி அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

"எனக்கு விழுந்த அந்த ஒரே ஓட்டு உங்களோடதுதான், அமூதி. எனக்குத் தெரியும். இந்த எஸ்டேட்ல மனுஷன்னு ஒருத்தராவது இருக்கீங்களே, அது போதும்."

கிசெம்போவுக்குக் கையை உருவிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அவன் ஓட்டுப் போட்டது குமாஸ்தா பசலிஜாவுக்கு.

அமூதி என்பது அவனுடைய செல்லப்பெயர். எங்கள் பக்கம் ஒருவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கோபம் என்று அர்த்தம், செல்லப்பெயர் சொன்னால் உறவு. இன்றைக்குப் பார்த்து அவள் வாய்க்கு வாய் அமூதி என்கிறாள்.

கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் அப்போதுதான் சீட்டுகளை எண்ணி முடித்திருந்தார்கள். தொழிற்சங்கக் கமிட்டியில் பதினைந்து பேர், போட்டியிட்ட இருவரையும் சேர்த்து. ஜெயிக்கிறவர் கம்பாலாவுக்குப் போய், தொழிலாளர் எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கை தூக்க வேண்டும். பிருங்கி போனால், தற்காலிகக் கூலிகளுக்குப் புதுச் சட்டம் கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்திருக்கும் ஆளுக்குத் தூக்குவாள். பசலிஜா போனால் மேனேஜர் காட்டுகிற ஆளுக்கு.

நான்கு மாதம் சேர்ந்தாற்போல் வேலை செய்தால் நிரந்தரமாக்க வேண்டும். அதனால் நான்காவது மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போதே எங்கள் எஸ்டேட்டில் பேரை அடித்துவிடுவார்கள், அடுத்த வாரம் புது ஆள் என்று எழுதிக்கொள்வார்கள். பிருங்கி ஒன்பது வருடமாகப் புது ஆள். அடிப்பதும் எழுதுவதும் குமாஸ்தாவின் கைதான். இந்தத் தில்லுமுல்லை ஒழிப்பதற்குத்தான் அந்தச் சட்டம்.

நேற்று மேனேஜர் ஒரு காகிதத்தோடு வந்தார். பசலிஜா ஜெயித்தால் நிரந்தரமாகப் போகிறவர்களின் பட்டியல். கமிட்டியில் ஏற்கனவே நிரந்தரமாக இருப்பது குமாஸ்தா ஒருவன்தான். பட்டியலில் பதினான்கு பேர். கிசெம்போ தன் பேரை மட்டும் தேடினான், இருந்தது. மற்றதைப் படிக்கவில்லை.

மற்றவர்கள் எப்படியும் பிருங்கிக்குத்தான் போடுவார்கள், நம் ஒரு ஓட்டுக் குறைந்தால் குடி முழுகிப் போகுமா என்று நினைத்துச் சீட்டில் பசலிஜா பேரை எழுதினான். அவள் ஜெயித்தால் சட்டம், தோற்றால் நிரந்தர வேலை, எப்படியும் நமக்கு நஷ்டமில்லை. மற்றவர்களுக்கும் இதே புத்திதான் போயிருக்கிறது. முடிவு பதினாலுக்கு ஒன்று.

மேனேஜர் அனுப்பிய சோடாப் பெட்டி நடுவில் இருந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நிரந்தரக்காரங்களே, ஏப்பத்தை மெதுவா விடுங்க, துரை காதுல விழப்போகுது!" என்றான் ஒருவன். சிரிப்பு வரவில்லை. ஜெயித்த பசலிஜா தராசுக்குப் பக்கத்தில், மூடி திறக்காத சோடாவைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான்.

பிருங்கி தன் துணி முடிச்சை அவிழ்த்து, வேகவைத்த மரவள்ளிக் கிழங்கைப் பிட்டுக் கிசெம்போவிடம் பாதியைக் கொடுத்தாள்.

"சாப்பிடுங்க. காலையிலேருந்து நீங்க பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல. எனக்காகக் கவலைப்பட்டுத்தானே? உங்க ஒரு ஓட்டுக்காகவே அடுத்த தடவையும் நான் நிப்பேன், பாருங்க."

கிழங்கைக் கையிலேயே வைத்திருந்தான். செருப்பால் அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பான்.

"அதியேரி..." அவளைச் செல்லப்பெயர் சொல்லித்தான் கூப்பிட்டான். "அது என் ஓட்டு இல்ல."

"என்ன சொல்றீங்க?"

"நான் குமாஸ்தாவுக்குப் போட்டேன். பட்டியல்ல என் பேர் இருந்துச்சு. என்னைக் காறித் துப்புங்க, நன்றி மட்டும் சொல்லாதீங்க. அந்த ஒண்ணு உங்க ஓட்டு. நீங்க உங்களுக்குப் போட்டுக்கிட்டது."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். அவளோ கையிலிருந்த கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்தது கோபமே இல்லை, அதுதான் அவனுக்குப் புரியவில்லை.

"என் பேரும் இருந்துச்சு, அமூதி."

"எதுல?"

"பட்டியல்லதான். முதல் பேரே என்னோடது." அவள் குரல் தேய்ந்தது. "ஒன்பது வருஷம் ஆச்சு. நீங்க எல்லாரும் இருக்கீங்க, எப்படியும் நான் ஜெயிச்சிருவேன், என் ஒரு ஓட்டு இல்லாட்டி என்னன்னு நெனச்சேன். நானும் குமாஸ்தா பேரைத்தான் எழுதினேன். அந்த ஒண்ணைப் பார்த்ததும் உங்களோடதுன்னு நெனச்சு, வெக்கத்துல செத்துட்டேன்."

இரண்டு பேரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்கள். யாரைப் பார்த்து யார் வெட்கப்படுவது என்றே தெரியவில்லை. கிசெம்போ மெல்லக் கேட்டான்.

"அப்போ அதைப் போட்டது யாரு?"

பதில் தராசுப் பக்கமிருந்து வந்தது. பசலிஜா அவர்கள் பேசியது முழுவதையும் கேட்டிருந்தான். கண் கலங்கியிருந்தது.

"துரைக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு அத்தனை பயத்துலயும் நான் உங்களுக்குப் போட்டேனே, அதியேரி... நீங்க ஏன் உங்களுக்குப் போடல?"