எந்திரிச்சதுக்கு ஃபவுல்

கிளாடிஸ் மிஸ் மறுபடியும் விசில் ஊதினார். மறுபடியும் ஹிபாவைப் பார்த்துத்தான்.

"ஹிபா, லிஃப்டிங். பாயிண்ட் அந்தப் பக்கம்."

பெற்றோர் வரிசையில் உட்கார்ந்திருந்த சாஜிதா பேகத்துக்குச் சுருக்கென்றது. இத்தனை பிள்ளைகள் ஆடுகிறார்கள். இந்த மிஸ்ஸுக்கு எம்புள்ள ஒருத்திதான் கண்ணுக்குத் தெரியறாளா?

கணபதி பகுதியில் இருந்த அந்தப் பள்ளியில், மாற்றுத்திறனாளிகளின் விளையாட்டுகளை அந்த வாரம் முழுக்க எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு, மணி குலுங்கும் பந்தைச் சத்தத்தை வைத்தே பிடிப்பது நேற்று. இன்றைக்கு உட்கார்ந்தே ஆடுகிற வாலிபால். வலையைத் தாழ இறக்கிக் கட்டி, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்துவிட்டார் மிஸ்.

பெரிய சட்டமெல்லாம் இல்லை. கையை ஊன்றி எங்கே வேண்டுமானாலும் நகரலாம். பந்தைத் தொடும்போது மட்டும் இடுப்பு தரையை விட்டு எழும்பக் கூடாது. எழும்பினால் அதற்குப் பேர் லிஃப்டிங். பாயிண்ட் போச்சு.

ஹிபாவுக்குப் பிறந்ததிலிருந்தே இடது காலில் பலமில்லை. காலைத் தாங்குகிற கேலிப்பர் மாட்டித்தான் நடப்பாள். இன்றைக்கு அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு என்ன போடு போடுகிறாள்! மற்றதுகள் எல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே திணற, இவள் வீட்டில் நகர்ந்து பழகிய பழக்கத்தில் சரசரவென்று பந்துக்குக் கீழே போய்விடுகிறாள். ஆனால் பந்தைக் கண்டதும் வருகிற வேகத்தில் நல்ல காலை ஊன்றி எம்பிவிடுகிறாள். உடனே விசில்.

சாஜிதாவும் சும்மா வந்துவிடவில்லை. மகள் விஷயத்தில் எதையும் சும்மா விடுகிற ஆளில்லை அவள். கைப்பையில் ஒரு பாக்கெட் தேன்மிட்டாய் இருந்தது. ஆட்டம் தொடங்கும் முன்பே எதிரணிப் பிள்ளைகளைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், ஆளுக்கு ஒன்று கொடுத்து, ஹிபாகிட்ட கொஞ்சம் பாத்து ஆடுங்க கண்ணுகளா என்று சொல்லியாகிவிட்டது.

சாஜிதாவின் வீட்டுச் சந்திலும் இதே வைத்தியம்தான். அதனால்தான் அங்கே எந்த ஆட்டத்திலும் ஹிபா இதுவரை அவுட் ஆனதே இல்லை. அதில் சாஜிதாவுக்கு ஏகப் பெருமை.

இந்த மிஸ்ஸுக்கும் ஒன்று நீட்டியிருக்கலாமோ என்று இப்போது தோன்றியது.

கடைசியில் இரண்டு அணியும் சமம். மணியடிக்கிற நேரம் ஆகிவிட்டதால், அடுத்த பாயிண்ட் எடுக்கிறவர்களுக்கே ஜெயம் என்றார் மிஸ். பந்து மேலே போனது. ஹிபா அடித்த அடியில் அது எதிர்ப்பக்கம் ஆளில்லாத இடமாகப் பார்த்து விழுந்தது. சாஜிதா எழுந்து நின்று கைதட்டினாள். தட்டின கை ஓய்வதற்குள் விசில் கேட்டது.

"லிஃப்டிங்."

ஹிபாவின் அணி தோற்றது. சாஜிதா கோட்டைத் தாண்டி உள்ளேயே போய்விட்டாள்.

"ஏனுங்க மிஸ், எம்புள்ள எந்திரிக்கோணும்னு நாங்க போகாத ஆஸ்பத்திரி இல்லீங்க. அவ எந்திரிச்சதுக்கு நீங்க ஃபவுல் குடுக்கறீங்களே, நாயமுங்களா இது?"

கிளாடிஸ் மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "அவளும்தான் ஆடறாளுங்கம்மா" என்றார்.

இதெல்லாம் ஒரு பதிலா? நாளைக்கு முதல் வேலையாகத் தலைமையாசிரியையைப் பார்த்து, இனிமேல் எம்புள்ளைக்கு எந்த ஆட்டமும் வேண்டாம் என்று சொல்லிவிடுவது என அங்கேயே முடிவு செய்தாள் சாஜிதா. பிள்ளை மனசொடிந்து மூலையில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் யார் வந்து தேற்றுவது? அந்தப் பயம்தான் அவளுக்கு எப்போதும்.

இதற்குள் ஹிபாவின் அணியில் ஆடிய ஜேக் அவளைப் பிடித்துக்கொண்டான். எம்பாதே எம்பாதேன்னு மிஸ் எத்தனை வாட்டி சொன்னாங்க, உன்னாலதான் தோத்தோம் என்று மூஞ்சிக்கு நேரே கத்தினான். ஹிபா மட்டும் விட்டுவிடுவாளா? நீ அடிச்ச சர்வீஸ் எங்க போச்சு, காம்பவுண்டுக்கு அந்தப் பக்கமா என்று பதிலுக்குப் பாய்ந்தாள். சாஜிதா இருவரையும் விலக்கி, மகளுக்குக் கேலிப்பரை மாட்டி, ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.

சத்தி ரோடு சிக்னல் வரைக்கும் முதுகுக்குப் பின்னால் விசும்பல் கேட்கிறதா என்று காதை அங்கேயே வைத்து ஓட்டினாள். கேட்டதெல்லாம் பாட்டு. ஹிபா எதையோ முணுமுணுத்துக்கொண்டு, தாளம் வேறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் கண்ணு, அத்தன பேரு முன்னாடி மிஸ் உனக்கு ஃபவுல் குடுத்துப்போட்டாங்களே, வருத்தமா இல்லியா?"

"இல்லீங்கம்மா. நம்ம சந்துல நான் ஒப்புக்குச் சப்பாணி. அவுட் ஆனாலும் இவளுக்குக் கணக்கில்லைன்னு விட்டுருவாங்க. நான் நல்லா ஆடுனாலும் கணக்கில்ல. இன்னிக்குத்தான் எனக்கு நெசமா ஃபவுல் குடுத்தாங்க." சொல்லும்போதே சிரித்துவிட்டாள். "என்னாலதான் தோத்தோம்னு ஜேக் சண்டைக்கே வந்துட்டானுங்கம்மா, பாத்தீங்கல்ல?"

சிக்னலில் பச்சை விழுந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். சாஜிதாவுக்கு வண்டியை எடுக்கவே தோன்றவில்லை.

ஹிபா பின்னாலிருந்து கையை நீட்டி, அம்மாவின் தோளில் தொங்கிய கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள்.

"மீதி தேன்மிட்டாய நானே தின்னுக்கறேனுங்கம்மா. இனிமே எங்கூட ஆடறவங்களுக்குக் குடுக்காதீங்க."