டெய்சி ஹார்க்னஸின் முதல் சினிமா

"அண்ணை, அவளுக்கு இருபத்தொரு வயது. உங்களுக்கு அறுபது தாண்டிட்டுது. மாதா பாத்துக்கொண்டிருக்கிறா" என்றார் அம்புறோஸ்.

ஞானேந்திரன் காதில் வாங்கவில்லை. டிவிடி உறையில் பொன்னிறக் கூந்தலோடு சிரித்த டெய்சி ஹார்க்னஸையும் பார்க்கவில்லை. உறையைப் பின்புறம் திருப்பி, மூக்குக் கண்ணாடியை உயர்த்தி, அடியில் இருந்த பொடி எழுத்துகளைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"பிரெஞ்சும் இருக்கோ எண்டு ஒருக்காப் பாரும்."

"இருக்கு, இருக்கு. டாக்ஸியை ரோட்டில விட்டிட்டு உங்களுக்காகக் கடை கடையா ஏறி வாங்கியந்தனான். முதல்ல தேத்தண்ணியைத் தரச் சொல்லுங்கோ."

ஞானேந்திரனின் டெய்சிப் பைத்தியம் தெரியாத தமிழர் மொன்றியாலின் வில்லரேப் பகுதியில் கிடையாது. பதினைந்து வயதில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு பொலிஸ்காரரின் வாயாடி மகளாக வந்தவள் டெய்சி. பிறகு ஆஸ்பத்திரித் தொடர் ஒன்றில் தாதியாகி டொக்டர்மாரை வரிசையாக அழவைத்தாள். இந்த முன்னேற்றம் முழுவதையும் ஞானேந்திரன் பிரெஞ்சுச் சனலின் மறு ஒளிபரப்பில் பிடித்து, கசெட்டில் பதிந்து, சாமிப்படங்களுக்குக் கீழ்த்தட்டில் அடுக்கியிருந்தார். மனைவி பாலாம்பிகையும் இதற்கு உடந்தை என்பதைத்தான் கோயிலில் யாராலும் ஜீரணிக்க முடியவில்லை.

போன மாரியில் மகள் துஷாந்தினியின் கார் பனியில் சறுக்கி, அவள் செத்துப்போனதோடு மனுசனுக்கு மூளை தட்டிவிட்டது என்பது பொதுக்கருத்து. அதற்கு முன்பு அவர் டெய்சி பக்கம் திரும்பியும் பார்த்ததில்லை.

உயிரோடு இருந்தபோது துஷாந்தினிக்கு டவுன்டவுனில் ஏதோ ஒஃபீஸில் வேலை. என்ன ஒஃபீஸ் என்று அப்போது யாராவது கேட்டால், "பிள்ளைக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறம்" என்று ஞானேந்திரன் கதையை மாற்றிவிடுவார்.

"பழசெல்லாம் பாத்து முடிஞ்சுது, அம்புறோஸ்" என்றார் இப்போது. "இனிப் புதுசா இருக்கிறது இது ஒண்டுதான். இதின்ர வேலை போன மாரிக்கு முன்னமே தொடங்கிட்டுது. எனக்குத் தெரியும்."

"ஹொலிவூட்டில ஆள் வச்சிருக்கிறியளோ?"

ஞானேந்திரன் டிவியைக் கைகாட்டினார். அம்புறோஸ் டிவிடியைப் போட்டார். மழையில், ஒரு பஸ் தரிப்பிடத்தில் டெய்சி நின்றாள். வாயைத் திறந்து இரண்டு சொல் ஆங்கிலத்தில் பேசினாள்.

"நிப்பாட்டும். பிரெஞ்சில போடும்."

"அண்ணை, பிரெஞ்சில உங்களுக்கு 'மெர்சி'யை விட்டால் வேற என்ன தெரியும்? இங்கிலீசில எண்டால் அவளின்ர சொந்தக் குரல். பிரெஞ்சில கதைக்கிறது, இங்க மொன்றியாலில ஒரு ஸ்டூடியோவுக்குள்ள நிக்கிற ஆரோ பெட்டை."

"பிரெஞ்சில போடும் எண்டிறன்."

குசினியில் பாலாம்பிகை புகை இழுக்கும் ஃபேனை நிறுத்தினார். தண்ணீர்க் குழாயையும் பூட்டினார். வெங்காயம் வெட்டும் சத்தம் நின்றது. ஆனால் அவர் படம் பார்க்க வரவில்லை. கதவை மட்டும் அகலத் திறந்துவைத்தார்.

அம்புறோஸ் ரிமோட்டை அமுக்கினார். மழை மறுபடி முதலிலிருந்து பெய்தது. ஞானேந்திரன் கண்களை இறுக மூடிக்கொண்டார். தனக்குப் பிடித்த நடிகையைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிற ரசிகனை அம்புறோஸ் அன்றுதான் கண்டார்.

டெய்சி பேசினாள். நல்ல பிரெஞ்சு.

ஞானேந்திரன் கண்களைத் திறந்தார். "இன்னும் கொஞ்சம் ஓடவிடும்" என்றார்.

படம் ஓடியது. டெய்சி வீட்டுக்காரியோடு சண்டை பிடித்தாள். காதலனைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஞானேந்திரன் எழுந்து போய் டிவியின் ஓரத்தில் குந்தி, ஒலிபெருக்கியில் காதை வைத்தார். சத்தத்தைக் கூட்டினார்.

"ஓ, இப்பதான் விளங்குது" என்று அம்புறோஸ் சிரித்தார். "குரல் குடுக்கிற பெட்டையை மாத்திப்போட்டாங்கள், அண்ணை. அந்தத் தொடருகளில கதைச்சது வேற ஆள். அதுக்கேன் முகத்தைத் தொங்கப்போடுறியள்? மூஞ்சி அதேதானே!"

ஞானேந்திரன் எழும்பவில்லை. டெய்சி மூச்சுவிடாமல் கதைத்துக்கொண்டிருந்தாள்.

குசினியிலிருந்து பாலாம்பிகை கேட்டார்:

"என்னப்பா, எங்கட பிள்ளை இன்னும் கதைக்கத் தொடங்கேல்லையோ?"