சாக்கடையில ஊத்துன தண்ணி

ஒரு வாளி நல்ல தண்ணி. அப்படியே சாக்கடைக் குழிக்குள்ள போயிடுச்சு.

அதுவும் புனித யோவான் திருநாளன்னிக்கு, காலங்காத்தால. மெக்சிகோ எல்லையில இருக்கிற நொகாலெஸ் ஊர்ல, வழக்கம்போல தெருவே ஒருத்தர் தலையில ஒருத்தர் தண்ணி ஊத்திச் சிரிச்சிட்டிருக்கு. இந்த யுலாலியா மட்டும் குழி மூடியை நகத்தி, வாளியைக் கவுத்துட்டா.

தெருமுனையில பன்னித்தோல் வறுவல் விக்கிற ஒத்திலியாவுக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. யுலாலியா மகன் நெஃப்தலிக்கு இவதான் ஞானத்தாய். அந்த உரிமையில, புத்தி பிசகிப்போச்சான்னு கேட்டா. வாசல்ல மாதுளை காயுதே, அதுக்காவது ஊத்தியிருக்கலாமேன்னு கேட்டா. தெருவே திரும்பிப் பாத்துச்சு.

"லாரிக்காரன் கால்ல விழுந்து வாங்குற தண்ணிடி. நீ சாக்கடைக்குத் திருநாள் கொண்டாடுறியா?"

யுலாலியா கோபப்படல. மூடியைத் திரும்ப வச்சா.

"சாக்கடைக்கு இல்லடி. நெஃப்தலிக்கு."

நெஃப்தலி எல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவுல கூலி வேலை பாக்குறான். கையில முறையான காகிதம் இல்ல. இங்க வந்தா திரும்பப் போக முடியாது. அப்பன் சாவுக்கே வரல.

"நம்ம ஊர்ச் சாக்கடை குழாய்ல அந்தப் பக்கம் போகுதுல்ல? ரெண்டு நாடும் சேர்ந்து அங்க சுத்தம் பண்ணி ஆத்துல விடுறாங்க. வறண்டு கிடந்த ஆறு. இப்ப மீன்கூட வந்திருக்காம், போன்ல சொன்னான். இன்னிக்கு வேலை முடிஞ்சதும் அதுல இறங்கித் தலை நனைப்பான். அம்மா ஊத்துனதும் அதுல துளி இருக்கட்டுமே."

ஒத்திலியா வறுவல் கடைக்குத் திரும்பிட்டா.

சாயங்காலம் கடையைச் சாத்துனா. எப்பவும் போல கொப்பரையைத் தூக்கிட்டு வந்து, யாரும் பாக்கலைன்னு உறுதி பண்ணிட்டு, அதே மூடியை நகத்துனா. கொப்பரையில, வறுத்து மிஞ்சுன கருப்புக் கொழுப்பு. கடை போட்ட நாள்லேருந்து இங்கதான் ஊத்துறா.

நெஃப்தலியோட ஞானஸ்நானத்துல, அவன் தலையில தண்ணி விழுந்தப்ப அவனை ஏந்திப் பிடிச்சிருந்த கை அது. குழிக்கு மேல, கொப்பரையோட அப்படியே நின்னுடுச்சு.

உங்க கையும் என்னிக்காவது இப்படி நின்னிருக்கா?