கேப்டன் மேல் ஒரு புகார்

"கேப்டன் மேல புகார் எழுதாத கண்ணு. ரிடையராகப் போற மனுசன், தெரியாமப் பண்ணிட்டாரு," என்று அம்மா கெஞ்சினாள்.

நாகலூர் வீட்டுக்கு விடுப்பில் வந்திருந்த துணை விமானி வினோதினிக்குக் கோபம் தலைக்கேறியது.

"சேலத்துல எறங்கறதுக்கு நான் விமானக் கம்ப்யூட்டர்ல போட்ட பாதைய, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம மாத்திட்டாரும்மா. எதுக்க சேர்வராயன் மலை! நான் பாத்துத் திருத்தலீன்னா அத்தனை பேரும் செத்திருப்போம். கேட்டா, 'எனக்கே சொல்லித் தர்றியா'ங்கறாரு!"

"அவரு வேலை போயிருமே சாமி!"

"போகட்டும்!"

செல்போனில் புகாரை அனுப்பிவிட்டுத்தான் அவள் மூச்சு விட்டாள்.

உள்ளறைக் கதவைப் படாரென்று திறந்துகொண்டு கேப்டன் வந்து நின்றார்.

"அனுப்பிட்டியா?"

வினோதினி அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"அனுப்பிட்டேனுங்கப்பா."